மழை மாதத்து அடுப்பும் கைவேலையும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அக்கா, மேருவில் ஒரு தாமானில் குடியிருக்கிறோம். ஏழு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். பள்ளித் தவணை மறுபடியும் சனவரிக்கே வந்துவிட்டதால் ஆண்டுக் கடைசியில் நீண்ட விடுமுறை. சாயங்காலம் ஆனால் மழை பிடித்துக்கொள்கிறது, வெளியே விட முடியவில்லை. கைப்பேசியில் பனி கொட்டும் கிறிஸ்துமஸ் படங்களைப் பார்த்துவிட்டு, இஞ்சி பிஸ்கட்டில் வீடு கட்ட வேண்டும் என்று இருவரும் ஒரே அடம். கட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் கூரை சரிந்து கிடந்தது, சின்னவள் அழுதுவிட்டாள். நாங்கள் இந்துக்கள்தான், ஆனால் எல்லாப் பண்டிகையும் எங்கள் வீட்டில் உண்டு. வீட்டுக்குள்ளேயே என்னென்ன செய்யலாம், சொல்லுங்கள். – வாசகி, மேரு

பதில்: கூரை சரிந்ததற்கு உங்கள் கை காரணம் இல்லை, தங்கச்சி. அந்த வீட்டின் சுவர்களை ஒட்டுவது முட்டை வெள்ளையும் பொடித்த சர்க்கரையும் சேர்த்து அடித்த கலவை. குளிர்ந்து உலர்ந்த காற்றில் அது சிமெண்ட்டாக இறுகும். நம் ஊரில் மழை பெய்த ராத்திரி காற்று முழுக்க ஈரம். சர்க்கரை அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஒட்டு இளகும், பிஸ்கட்டும் நமத்துப்போகும், பாரம் தாங்காமல் கூரை இறங்கும். கிள்ளானில் டிசம்பர் இரவுகூட 23, 24 பாகைக்குக் கீழே போவது அரிது. நமக்குக் குளிர்காலம் இல்லை; மழைக்காலம்தான் உண்டு. இந்த மாதத்தில் சமையலோ கைவேலையோ எதில் இறங்கினாலும் காற்றில் உள்ள ஈரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். இந்த முறை எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஈரம் செய்த வேலைதான்.

பிள்ளைகளுக்கு இஞ்சி பிஸ்கட் வேண்டுமென்றால் வீடாகக் கட்டாமல் தட்டையாக வெட்டிச் சுட்டுக் கொடுங்கள். பிசைந்த மாவை வெட்டுவதற்கு முன் ஒரு மணி நேரமாவது குளிர்பெட்டியில் வையுங்கள். நம் வெப்பத்தில் வெண்ணெய் இளகினால் நட்சத்திரமும் பொம்மையும் தட்டில் பரவி உருவம் தெரியாமல் போய்விடும்.

கட்டி நிறுத்த ஏதாவது வேண்டும் என்று கேட்டால், சாத்தே குச்சியில் நட்சத்திர விளக்கு கட்டச் சொல்லுங்கள். ஒரு கட்டுக் குச்சி எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். கூர்முனையை முதலில் நீங்களே நறுக்கிவிடுங்கள். பென்சிலை எடுக்காமல் ஐந்து கோட்டில் நட்சத்திரம் வரைவோமே, அதே வழியில் ஐந்து குச்சிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, ஐந்து முனைகளையும் நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். குச்சிகளை மேலும் கீழுமாகக் கோத்துப் போட்டால் சட்டம் ஆடாது. இதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளி முனைகள் ஐந்தையும் சேர்த்துக் கட்டுங்கள். அடுத்ததுதான் பிள்ளைகள் கண் விரியும் இடம். நடுவில் குச்சிகள் குறுக்கிடும் ஐந்து மூலையிலும், ஐந்து செண்டிமீட்டர் நீளத்தில் நறுக்கிய சிறு குச்சியை இரண்டு சட்டத்துக்கும் நடுவே முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். அதுவரை தட்டையாகக் கிடந்த நட்சத்திரம் வயிறு ஊதி எழுந்துவிடும். பட்டம் விடும் மெல்லிய வண்ணத்தாளை ஒட்டி, பின்பக்கம் ஒரு முக்கோணத்தை மட்டும் திறந்துவிட்டு, பேட்டரியில் எரியும் சின்ன எல்இடி விளக்குச் சரத்தை உள்ளே செருகுங்கள். மெழுகுவத்தி கூடவே கூடாது. வாசலில் கூரையின் உட்புறம் தொங்கவிட்டால் சாரல் படாது. பத்து வயதுப் பிள்ளை சட்டம் கட்டட்டும், ஏழு வயதுப் பிள்ளை தாள் ஒட்டட்டும்.

ஒட்டக் கஞ்சிப் பசையே போதும். ஒரு கோப்பைத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிண்டி இறக்கி, ஆறியதும் ஒரு தேக்கரண்டி வினிகர் விடுங்கள். குளிர்பெட்டியில் மூன்று நாள் வரும். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கை படும் வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

சமையலுக்கு வருவோம். டிசம்பர் 21, 22 வாக்கில் உங்கள் தாமானில் சீனர் வீடுகளில் டோங்ஸி கொண்டாடுவார்கள். ஆண்டின் மிக நீண்ட இரவை ஒட்டி வரும் நாள். குடும்பத்தோடு உட்கார்ந்து பசையரிசி மாவில் சின்னச் சின்ன உருண்டை பிடித்து இஞ்சிப் பாகில் போட்டுச் சாப்பிடுவார்கள். தாங் யுவென் என்பது அதன் பெயர். பால் கொழுக்கட்டைக்கு உருட்டிப் பழகிய நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கைவந்த வேலை. 200 கிராம் பசையரிசி மாவில் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, காதுமடல் பதத்துக்குப் பிசையுங்கள். ஏறக்குறைய 150, 160 மில்லி பிடிக்கும். ஒரு பங்குக்கு பீட்ரூட் சாறு, ஒரு பங்குக்கு பண்டான் இலைச் சாறு, ஒன்று வெள்ளையாகவே இருக்கட்டும். கொதிக்கும் தண்ணீரில் போட்டு, மேலே மிதந்து வந்ததும் இன்னும் ஒரு நிமிடம் விட்டு அள்ளுங்கள். பாகுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 100 கிராம் முற்றிய இஞ்சியைத் தட்டிப் போட்டது, முடிச்சுப் போட்ட பண்டான் இலை இரண்டு, 150 கிராம் குலா மலாக்கா. பெந்தோங் இஞ்சி கிடைத்தால் வாங்குங்கள், அதன் காரம் தொண்டையில் நிற்கும். உருண்டை வழுக்கிக்கொண்டு போகும் பண்டம் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் பாதியாக நறுக்கிக் கொடுங்கள். ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்கும் போகட்டும்.

அதே வாரம் மார்கழி பிறந்திருக்கும். 1892இல் எழுந்த கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு விடியலில் ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிப் போய்வாருங்கள். மார்கழிக் காலையில் சூடான பொங்கல் என்ன சுகம் என்று அவர்களுக்குத் தானாகவே தெரியும். திருவாதிரை வரும்போது களி கிண்டலாம். ஒரு கோப்பை பச்சரிசியைச் சிவக்க வறுத்து ரவையாக உடைத்து, கால் கோப்பை வறுத்த பாசிப்பருப்போடு இரண்டரைக் கோப்பைத் தண்ணீரில் வேகவிட்டு, ஒரு கோப்பை வெல்லப் பாகு, தேங்காய்த் துருவல், ஏலம், நெய். அதோடு காய்கள் ஏழு போட்ட கூட்டு. ஏழு காய்களைப் பொறுக்கி எடுக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். மேரு சந்தையில் அவர்களாகவே பார்த்து எடுத்த காயைத் தட்டில் ஒதுக்கமாட்டார்கள்.

கேள்வி: நான் சுடும் முறுக்கு முதல் நாள் நன்றாக மொறுமொறுப்பாக இருக்கிறது. மூன்றாம் நாள் நமத்துவிடுகிறது. என் மாமியார் சுட்டது மட்டும் ஒரு மாதம் வரும். அவர் இப்போது இல்லை, கேட்கவும் முடியவில்லை. கிறிஸ்துமஸுக்குத் தோழிகளுக்குக் கொடுக்க வேண்டும். – வாசகி, கிள்ளான்

பதில்: உங்கள் மாமியார் செய்ததில் ரகசியம் ஒன்றும் இருந்திருக்காது அம்மா, அடுப்பருகே நிற்கும் பொறுமைதான் இருந்திருக்கும். எண்ணெயில் முறுக்கைப் போட்டதும் எழும் குமிழி எல்லாம் மாவிலிருந்து வெளியேறும் தண்ணீர். நிறம் வந்துவிட்டது என்று நாம் அவசரப்பட்டு எடுத்துவிடுகிறோம். நிறம் வந்த பிறகும் குமிழி வந்துகொண்டிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஈரம் மெல்ல வெளிப்பக்கம் வந்து முறுக்கை நமக்கச் செய்துவிடும். சலசலப்பு அடங்கி எண்ணெய் அமைதியாகும்வரை காத்திருங்கள். அதற்குள் கருகிப்போகிறது என்றால் எண்ணெய் சூடு கூடுதல், தீயைக் குறையுங்கள்.

மாவிலும் கவனம் வேண்டும். கடையில் வாங்கும் அரிசி மாவு மழை மாதத்தில் லேசாக ஈரம் கோத்திருக்கும். வெறும் வாணலியில் நிறம் மாறாமல் சூடேற வறுங்கள். விரலிடுக்கில் எடுத்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். திட்டுத் திட்டாக விழாமல் இழையாகக் கோலம் போட வந்தால் பதம் சரி. நான்கு கோப்பை அரிசி மாவுக்கு ஒரு கோப்பை வறுத்து அரைத்த உளுத்தம் மாவு, இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய், ஓமம், எள், உப்பு. உளுந்து கூடினால் முறுக்கு கடிக்க முடியாமல் போகும். வெண்ணெய் கூடினால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து எண்ணெயைக் குடிக்கும். நம் ஊரில் பலரும் தேங்காய்ப்பாலில் பிசைவார்கள். அந்தச் சுவை எனக்கும் பிடிக்கும், ஆனால் அப்படிச் சுட்டதைப் பத்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அதிக நாள் வைக்கவும் பரிசு கொடுக்கவும் தண்ணீரில் பிசைந்ததே நல்லது. பழைய எண்ணெயில் சுடாதீர்கள், இரண்டே வாரத்தில் சிக்கு வாடை தலைகாட்டும்.

சுட்டதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வெதுவெதுப்போடு டின்னில் போட்டு மூடினால் ஆவி உள்ளேயே தண்ணீராகிவிடும். அதே நேரம் மழைக்காற்றில் ராத்திரி முழுக்கத் திறந்தும் வைக்கக்கூடாது. கை வைத்தால் சூடு தெரியாத நிலை வந்த உடனே மூடிவிடுங்கள். ஒரு பெரிய டின்னுக்குப் பதிலாக நாலைந்து சின்ன டப்பாவில் விளிம்புவரை நிரப்புங்கள். பெரிய டின்னை நாளைக்குப் பத்துத் தடவை திறந்தால் பத்துத் தடவையும் ஈரக்காற்று உள்ளே போகும். மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் கொடுப்பது கைக்குச் சுலபம், முறுக்குக்கு ஆகாது.

நமத்ததைத் தூக்கிப் போட வேண்டாம். 120 பாகைச் சூட்டில் அவனில் பத்து நிமிடம் வைத்து, நன்றாக ஆறவிட்டு எடுங்கள், மொறுமொறுப்பு திரும்பிவிடும். சிக்கு வாடை வந்துவிட்டதை மட்டும் எதனாலும் காப்பாற்ற முடியாது.

கேள்வி: ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டில் அச்சு முறுக்கும் குல்குல்லும் உண்டு. இந்த ஆண்டு ஜாலான் தெங்கு கிளானாவில் புது அச்சு வாங்கினேன். மாவு அச்சைவிட்டுக் கழலவே மாட்டேன் என்கிறது. பழைய அச்சில் இந்தத் தொல்லை இல்லை. – வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: புது அச்சை முதலில் பழக்கப்படுத்த வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவி, அரிசி கழுவிய தண்ணீரில் கொதிக்க வைத்துத் துடைத்து, ஒரு ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறவிடுங்கள். மறுநாள் எண்ணெய் காயும்போதே அச்சையும் உள்ளே வைத்துவிடுங்கள். முதல் நாலைந்து முறுக்கு பிய்ந்துதான் வரும். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தொடருங்கள். அதன் பிறகு அச்சைச் சோப்பில் கழுவவே வேண்டாம், துணியால் துடைத்து எண்ணெய் தடவித் தாளில் சுற்றி வைத்தால் போதும். உங்கள் பழைய அச்சு அடம் பிடிக்காததற்கு இத்தனை வருஷ எண்ணெய் அதில் ஏறியிருப்பதுதான் காரணம். அதை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

முக்குவதில் ஒரு நுணுக்கம் உண்டு. சூடான அச்சை மாவில் முக்கால் உயரம்தான் இறக்க வேண்டும். மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் அது அச்சுக்கு மூடி போட்டமாதிரி ஆகிவிடும், பிறகு எப்படிக் கழலும்? மாவு தொட்டதும் சொய்யென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அச்சில் சூடு போதாது, மாவு ஒட்டாமல் வழிந்துவிடும். எண்ணெயில் இறக்கி அரை நிமிடம் கழித்து லேசாக உதறினால் பூ தானாக இறங்கும். இரண்டு கோப்பை அரிசி மாவு, அரைக் கோப்பை மைதா, இரண்டு முட்டை, முக்கால் கோப்பை சர்க்கரை, ஒன்றரைக் கோப்பை கெட்டித் தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் எள் என்பது கை தவறாத அளவு. சர்க்கரையைக் கூட்டாதீர்கள், ஒட்டுவதற்கும் கருகுவதற்கும் அதுவே காரணம்.

இலங்கையில் இதன் உறவுக்காரப் பண்டம் கொக்கிஸ், கேரளத்தில் அச்சப்பம். மலாய்க்காரர்கள் வீட்டில் நோன்புப் பெருநாளுக்குச் சுடும் குவே ரோஸும் இதே பூதான். கிறிஸ்துமஸ் தட்டில் இதை அடுக்கி எதிர்வீட்டுக்குக் கொடுக்கும்போது எந்த மதத்துக்காரரும் அந்நியமாகப் பார்க்கமாட்டார். கோவாப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த குல்குல்லைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்: முள்கரண்டியின் பின்பக்கத்தில் மாவைச் சுருட்டும் வேலையை வீட்டில் உள்ள எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுங்கள். ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஒரு கிலோ மாவு சுருட்டி முதுகு பிடித்துக்கொண்ட பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: மது சேர்க்காமல் பழக் கேக் செய்கிறேன். ஒரு வாரத்தில் பூசணம் பிடிக்கிறது. – வாசகர், செந்தூல்

பதில்: பழைய செய்முறைகளில் மது ருசிக்காக மட்டும் இருந்ததில்லை, கேக்கைக் கெடாமல் காப்பதும் அதன் வேலை. அதை நீக்கினால் அந்தக் காவலும் போய்விடும். உலர்பழத்தைக் கெட்டித் தேநீரிலும் ஆரஞ்சுச் சாற்றிலும் பட்டை, கிராம்பு போட்டு குளிர்பெட்டியில் இரண்டு நாள் ஊறவிடுங்கள், மணம் குறையாது. சுட்டு ஆறியதும் துண்டு போட்டுத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்து ஐந்தாறு நாளில் சாப்பிட்டுவிடுங்கள். மிச்சம் உறைபெட்டிக்குப் போகட்டும். பூசணம் பிடித்த பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மற்றதைத் தின்னாதீர்கள், அதன் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும்.

மழை மாதத்துக்குப் பழக் கேக்கைவிட சுஜி கேக் ஏற்றது என்பது என் எண்ணம். மலாக்கா, கோலாலம்பூர் யுரேஷியர் வீடுகளிலிருந்து நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்த கேக் அது. ரவையை வெண்ணெயில் குழைத்துச் சில மணி நேரம் ஊறவிட்டுச் சுட்டால் பாதாம் வாசனையோடு வாயில் கரையும். ஊறவிடாமல் சுட்டால் மணல் கடிபடும், அந்த நேரத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: அம்மா, 2021 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அன்றிலிருந்து டிசம்பரில் மேகம் கறுத்தாலே மனசு பதறுகிறது. பண்டிகைச் சமையலிலும் மனம் செல்லவில்லை. மின்சாரம் போனாலும் செய்யக்கூடிய, வயிற்றுக்கு இதமான சாப்பாடு ஏதாவது சொல்லுங்கள். – வாசகி, ஷா ஆலம்

பதில்: அந்த டிசம்பர் 18ஆம் தேதியை கிள்ளான் பள்ளத்தாக்கில் யார் மறப்பார்? தாமான் ஸ்ரீ மூடாவில் கூரையில் ஏறி நின்றவர்களை நாடே பார்த்தது. மேகம் கறுத்தால் மனசு பதறுவது இயல்பு, அதற்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள். பதற்றத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு: நவம்பர் மாதமே ஒரு மழைப் பெட்டியைத் தயாராக்கி உயரமான அலமாரியில் வைத்துவிடுவது.

அதில் மூன்று டப்பா போதும். ஒன்றில், வறுத்த அரிசி நொய் இரண்டு பங்கு, வறுத்த பாசிப்பருப்பு ஒரு பங்கு, கொஞ்சம் சீரகம், மிளகு, சுக்குப் பொடி. இதில் ஒரு கோப்பையை ஆறு கோப்பைத் தண்ணீரில் உப்பிட்டு எரிவாயு அடுப்பில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் நாலு பேருக்குக் கஞ்சி. இன்னொன்றில், வறுத்த பாசிப்பயற்று மாவும் பொடித்த வெல்லமும். இதைச் சமைக்கவே வேண்டாம், வெந்நீர் இருந்தால் போதும், பிள்ளைகள் பசி தாங்கும். மூன்றாவதில் கெட்டி அவல். இரண்டு நிமிடம் நனைத்து, டின் சார்டினோ ஊறுகாயோ வைத்துச் சாப்பிடலாம். கூடவே கைவிளக்கும் தீப்பெட்டியும். மாதம் ஒரு தடவை எடுத்துப் பார்த்து, வண்டு பிடிக்கும் முன்பே சமைத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

மின்சாரம் போனால் குளிர்பெட்டியைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் உள்ளே இருப்பது நாலு மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் மீனையும் இறைச்சியையும் பாலையும் நம்பக்கூடாது. வெள்ளத் தண்ணீர் பட்ட சாப்பாட்டுப் பொருள் எதுவானாலும், திருகு மூடி போட்ட டப்பாவில் இருந்தாலும், எறிந்துவிடுங்கள். அந்தத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும்.

பண்டிகைச் சமையலில் மனம் செல்லாவிட்டால் இந்த ஆண்டு கட்டாயப்படுத்த வேண்டாம். மழை பெய்யும் மாலையில் இந்தக் கஞ்சியையே வைத்து, நெத்திலியை மொறுமொறுவென்று வறுத்துச் சம்பல் செய்து, வீட்டார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். இந்த மாதத்துக்கு அதுவே நிறைந்த சாப்பாடு.

கேள்வி: கோலத்துக்கென்று கிலோ கணக்கில் அரிசிக்குச் சாயம் போட்டு, பிறகு குப்பையில் கொட்டுகிறோம். மனசு உறுத்துகிறது. பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பில் பெரிய கோலம் போடத் திட்டம். – வாசகி, பெட்டாலிங் ஜெயா

பதில்: உறுத்துவது நியாயம். தீபாவளி நேரத்தில் பேரங்காடிகளின் நடுக்கூடத்தில் போடும் வண்ண அரிசிக் கோலம் மலேசியத் தமிழர்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதன் அழகைக் குறை சொல்ல மாட்டேன், எல்லா இனத்தவரும் நின்று படம் எடுக்கும் கலை அது. ஆனால் அதற்கு நல்ல அரிசி வேண்டியதில்லை. தச்சுப் பட்டறையில் கிடைக்கும் மரத்தூளைச் சலித்துச் சாயம் போடலாம். அரிசிதான் வேண்டும் என்றால் கோழித் தீவனத்துக்கு விற்கும் உடைசலை வாங்குங்கள். ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகரில் சாயத்தைக் கரைத்து, பையில் போட்டுக் குலுக்கி, தாளில் பரப்பிக் காற்றாடிக்குக் கீழே முழுக்க உலர்த்துங்கள். சரியாக உலர்ந்தது பல மாதம் வரும். கோலம் முடிந்ததும் நிறம் வாரியாக முடிந்த மட்டும் அள்ளிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து அடுத்த விழாவுக்கு எடுங்கள். கலந்துபோனதைப் பாலர் பள்ளிக்குக் கொடுத்தால் பிள்ளைகள் படம் ஒட்டுவார்கள்.

வீட்டு வாசலில் போடும் மார்கழிக் கோலத்துக்கு மட்டும் பச்சரிசி மாவையே பயன்படுத்துங்கள், சாயம் வேண்டாம். எறும்பும் குருவியும் வந்து தின்னட்டும்.

கேள்வி: எனக்கு 71 வயது. மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் ஜோகூரிலும். மழை பெய்தால் அவள் வைக்கும் மிளகு ரசம் ஞாபகம் வந்துவிடுகிறது. கடையில் வாங்கும் ரசம் வெறும் புளித்தண்ணீர். எனக்குச் சமைக்கவே தெரியாது. ஒரு ஆளுக்கு எப்படி வைப்பது? – வாசகர், கிள்ளான்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் இதற்கு விரிவாகவே எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். ரசம் வைப்பது கடினமில்லை. பொறுமையாக ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

சின்ன நெல்லிக்காய் அளவு புளியை ஒரு கோப்பை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிழிந்து வடிகட்டிக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், தோலோடு மூன்று பல் பூண்டு. இவற்றை உரலில் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மாவாக அரைக்க வேண்டாம், ரசம் கலங்கிக் கசந்துவிடும். கடையில் சரவாக் மிளகு என்று கேட்டு வாங்குங்கள், நம் நாட்டு மிளகில் பெரும்பங்கு அங்கேதான் விளைகிறது. தூளாக வாங்காதீர்கள். தூள் வாசனையிழந்து கிடக்கும், கடை ரசம் புளித்தண்ணீராக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு வெடித்ததும் ஒரு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, கறிவேப்பிலை, சிட்டிகைப் பெருங்காயம். ஒரு தக்காளியைக் கையால் பிசைந்து போட்டு வதக்குங்கள். புளித்தண்ணீரும் உப்பும் மஞ்சள் தூளும் சேர்த்து, பச்சை வாசனை போக ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். இப்போது தட்டிய மிளகு, சீரகம், பூண்டைப் போட்டு இன்னொரு கோப்பைத் தண்ணீர் விடுங்கள். இந்த இடத்தில் அடுப்பைவிட்டு நகராதீர்கள். ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கி நடுவுக்குக் கூடி வரும். நுரை பொங்கி மேலே ஏறும் அந்த நொடியில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதற்கு மேல் கொதித்தால் மிளகின் வாசனை ஆவியோடு போய்விடும். கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போட்டு ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். உங்கள் துணைவியார் வைத்த ரசத்தின் மணம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் கூடியிருக்கும்.

இந்த அளவு இரண்டு வேளைக்கு வரும். மறுவேளைக்கு உள்ளதைக் குளிர்பெட்டியில் வைத்து, சூடு பண்ணும்போதும் நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். இரத்த அழுத்தம் இருந்தால் உப்பைப் பாதியாக்குங்கள், மிளகும் புளியும் அந்தக் குறையை மறைத்துவிடும். வெறும் ரசம் குடித்துப் படுத்துவிடாதீர்கள். சோறு குழைய வடித்து, ஒரு முட்டையையாவது அவித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்தால் நீங்களே வைத்துக் கொடுங்கள். அவர்களும் அம்மாவின் ரசத்துக்கு ஏங்கிப்போய்த்தான் இருப்பார்கள்.

கேள்வி: பொங்கலுக்குப் பிளாஸ்டிக் தோரணம் வாங்கிக் கட்டுகிறோம். குருத்தோலைத் தோரணம் முடையக் கற்றுக்கொள்ள ஆசை. – வாசகி, காப்பார்

பதில்: எழுத்தில் படித்துக் கற்கும் வேலை இல்லை இது, ஒருவர் கையைப் பார்த்துத்தான் வரும். ஓலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இளமஞ்சள் நிறத்தில் விரியாத குருத்துதான் வளையும், முற்றிய பச்சை ஓலை மடிப்பில் ஒடிந்துவிடும். பொங்கலுக்கு முந்திய நாள் வாங்கி, ஈரத் துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். கூர்நுனிக் கத்தரிக்கோல் ஒன்று போதும்.

கற்றுக்கொள்ள உங்கள் பக்கத்துக் கோயிலுக்குப் போங்கள். திருவிழாவுக்குத் தோரணம் கட்டும் பெரியவர் ஒருவராவது இருப்பார். அவர்களில் பலர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தபோது கற்ற வேலை அது. கிளி, பூ, மீன் என்று ஓலையில் மடிப்பார்கள். நம் பிள்ளைகள் மலாய் நண்பர்களிடம் கெத்துப்பாட் பின்னக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். அதே விரலுக்கு இதுவும் வரும்.

குருத்தோலை முடையத் தெரிந்த வாசகர்கள் கிள்ளான், மேரு, காப்பார் பக்கம் இருந்தால், பொங்கலுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கி, உங்கள் தாமானில் உள்ள பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துக் கற்றுக் கொடுங்கள். விடுமுறை முடிவதற்குள் செய்யுங்கள்.